கத்தரிப்பூக் கொம்பனியும் றஞ்சனியின் வேகக்கோடும்

ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் உதயனின் இரும்புக்கடைக்குள்ளே ஒரு மூலையைக் கண்ணாடியால் மறித்து, ஒரு கதிரையும் கொம்பியூட்டரும் போட்டிருந்தார்கள். அந்தக் கதிரையில் இருந்தவள் றஞ்சனி. வெளிநாட்டுக் காசு எடுக்க வருகிற சனம் அவளை "மனேச்சர் அக்கா" என்று கூப்பிடும். மனேச்சரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உதயன் கொடுத்த சம்பளத்துக்கு அவள் அடையாள அட்டையைப் பார்த்து, இலக்கத்தை அடித்து, காசை எண்ணிக் கொடுத்தாள். ஆனாலும் அந்தப் பெயரை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. பிறகு நடந்த கேடெல்லாம் அங்கேதான் முளைவிட்டது என்று சொன்னால் பிழையில்லை.

காசு அனுப்புகிற அந்தக் கொம்பனிக்கு அமெரிக்காவில் பெரிய பெயர் ஒன்று இருந்தது. தீவுச் சனத்துக்கு அது வாயில் வராது. பெயர்ப்பலகை கத்தரிப்பூ நிறம் என்பதால் கத்தரிப்பூக் கொம்பனி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

றஞ்சனி பிறந்தது சுருவிலில், கடல்தொழில் வீட்டில். தொண்ணூறாம் ஆண்டு தீவே கிளம்பி இடம்பெயர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கடைசித் தம்பி நிருபன் அவளுடைய இடுப்பில் இருந்தான். போன இடத்தில் தாய் காய்ச்சலில் கண்ணை மூடினாள். மூத்தவள் எமிலி கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனாள். தகப்பன் இருந்தும் இல்லாத மாதிரி இருந்து, ஒருநாள் இல்லாமலே போனார். நிருபனைக் குளிக்க வார்த்ததும், சோறு தீத்தினதும், பள்ளிக்கூடத்துக்கு அடித்து அனுப்பினதும் றஞ்சனிதான். அவனுக்கு அவள் அக்கா என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. உண்மையில் அவள் தாய்.

அவள் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் தப்பியிருப்பாள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, கணக்கீட்டில் ஏ எடுத்தவள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனது. கலியாணம் பேசி வந்த இடங்களும் ஒன்றொன்றாகத் தட்டிப்போயின. அப்படிப்பட்ட கெட்டித்தனத்தைக் கொண்டுபோய் இரும்புக்கடை மூலையில் ஆணிப் பெட்டிக்கும் பெயின்ற் வாளிக்கும் நடுவே இருத்தினால் அது சும்மா கிடக்குமா? எங்கேயாவது தன்னைக் காட்டத்தான் பார்க்கும்.

காசு கொடுக்கும்போது கொம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் காசு எதற்கு? கேட்டு அடிக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. சனம் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லும், வீட்டுச் செலவு என்று. மகளுக்கு நகை வாங்கப் போகிறவரும் வீட்டுச் செலவு, மாடி கட்டுகிறவரும் வீட்டுச் செலவு, சாராயத்துக்கு எடுக்கிறவரும் வீட்டுச் செலவு. றஞ்சனிக்கு அதை அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தது. ஒருநாளைக்கு நிருபன் வந்து கண்ணாடிக்கு முன்னால் நிற்பான், அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் "தொழில், போட் வாங்க" என்று அடிப்பேன் என்று அவள் மனதில் வைத்திருந்தாள். அதை அவள் உதயனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

நிருபனின் பழைய மீன்பிடிப் போட் ஓட்டை விழுந்து, எஞ்சினும் செத்துப்போய் இரண்டு வருடமாகியிருந்தது. வலையை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. அவன் பஸ்ரியாம்பிள்ளையிடம் தொழிலுக்குப் போய்வந்தான். பஸ்ரியாம்பிள்ளை சம்மாட்டி, போட்டும் வலையும் அவருடையவை, கடலுக்குப் போகிற உடம்பு மட்டும் மற்றவர்களுடையது. பிடிபட்டதில் போட்டுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போகும். மிச்சத்தைத்தான் ஆட்கள் பிரிக்கவேண்டும். நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயதில், இரண்டு பிள்ளைகளோடு, நிருபன் இன்னொருவர் குரலுக்கு எழும்பிக் கடலுக்குப் போவதைப் பார்க்க றஞ்சனிக்கு வயிறு எரிந்தது.

எமிலிக்கும் எரிந்தது. ரொறன்ரோவில் சீட்டுக் கட்டி, தம்பிக்கு ஒரு போட்டும் எஞ்சினும் எடுக்கக் காசு சேர்த்தாள். சீட்டு விழுந்ததும் அனுப்புகிறேன் என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் றஞ்சனிக்குப் பங்குச்சந்தைப் பைத்தியம் முற்றியிருந்தது.

கத்தரிப்பூக் கொம்பனியின் பங்கு நியூயோர்க்கில் விலைபோகிறது என்று அவளுக்கு ஒரு வீடியோவில் தெரியவந்தது. சென்னையில் இருந்து ஒருவர் பங்குச்சந்தை படிப்பிக்கிறார். காசு போனால் நான் பொறுப்பில்லை என்று ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். கெட்டிக்காரன். அவரிடம்தான் அவள் வேகக்கோடுகளைப் படித்தாள். விலை எங்கே நிற்கிறது என்பதை எந்தக் குழந்தையும் பார்த்துச் சொல்லும். அது எந்த வேகத்தில் அங்கே வந்தது, அந்த வேகம் கூடுகிறதா களைக்கிறதா என்று காட்டத்தான் இந்தக் கோடுகள். ஆர்.எஸ்.ஐ. என்று ஒன்று, பூச்சியத்துக்கும் நூறுக்கும் நடுவே ஏறி இறங்கும். எழுபதைத் தாண்டினால் ஆட்கள் அளவுக்கு மிஞ்சி வாங்கிவிட்டார்கள். முப்பதுக்குக் கீழே விழுந்தால் அளவுக்கு மிஞ்சி விற்றுவிட்டார்கள். அவளுக்கு அது உடனே பிடிபட்டது. படித்த படிப்பு கடைசியில் ஒரு பிரயோசனத்துக்கு வந்ததென்று அவளுக்குக் கண் கலங்கியது என்றால் சிரிக்கவேண்டாம்.

ஒரு வருடம் காசு போடாமல் மனதுக்குள்ளேயே வாங்கி விற்றுப் பார்த்தாள். மனதுக்குள் அவள் பெரும் பணக்காரியாகிவிட்டாள். கோடு முப்பதுக்குக் கீழே விழுந்து நிமிர்ந்தபோது வாங்கினாள், எழுபதில் விற்றாள், எல்லாம் சொல்லிவைத்ததுபோல் நடந்தது. அந்த நேரம்தான் எமிலியின் சீட்டு விழுந்தது.

"பெரியக்கா, இப்ப அனுப்பாதேங்கோ," என்றாள் றஞ்சனி போனில். "கத்தரிப்பூக் கொம்பனியிலை போடுங்கோ. நான் சொல்லுற நேரம் வித்தாப் போதும். சோளகக் காத்து முடியிறதுக்கிடையிலை போட்டோடை புது வலையும் வரும்."

எமிலி தயங்கினாள். தங்கச்சி கணக்கில் ஏ எடுத்தவள் என்ற நினைப்பு அவளுக்கும் இருந்தது. அதோடு, காசு தன் பேரில், தன் கணக்கில்தானே கிடக்கப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு போட்டாள். நிருபனிடம் றஞ்சனி வீட்டில் வைத்துச் சொன்னாள். அவன் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான், சம்மாட்டியின் வலைக்கு. தலையை நிமிர்த்தாமல், "நீங்கள் சொன்னாச் சரி, அக்கா. இவ்வளவு காலம் பொறுத்தனான், இன்னும் கொஞ்சம் பொறுப்பன்," என்றான். அவ்வளவு நம்பிக்கையை ஒரு மனிசர் தலையில் தூக்கி வைக்கவே கூடாது.

பங்கு ஏறியது. ஐம்பது நாள் சராசரி இருநூறு நாள் சராசரியை வெட்டிக்கொண்டு மேலே போனது. வீடியோக்காரர் பொன்னான நேரம் என்று சொல்கிற இடம் அது. மாலையில் நியூயோர்க் சந்தை திறக்கிற நேரம் றஞ்சனி குசினியில் போனைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுத்தான் புட்டு அவிப்பாள். கோட்டைப் பார்த்துப் பார்த்து புட்டு பலநாள் அடிப்பிடித்தது. நிருபனின் பெண்சாதி யூலியட் முணுமுணுத்தாள். போட் வருகிற நேரத்தில் புட்டைப் பற்றிக் கதைக்கிறாளே என்று றஞ்சனிக்கு அவள்மேல் கோபம் வந்தது.

அதே காலத்தில் கண்ணாடிக்கு முன்னால் சனம் கூடத் தொடங்கியது. முன்பு சனம் குந்தியிருக்க ஒரு நீட்டு வாங்கு கிடந்தது, அதிலும் பாதி வெறுமையாக இருக்கும். இப்போது காலையிலேயே வாங்கு நிறைந்து, ஆட்கள் சீமெந்து மூட்டைகளில் குந்தியிருந்தார்கள். உதயன் இன்னொரு வாங்கு கொண்டுவந்து போட்டான். பழக்கமில்லாத முகங்கள். அனலைதீவிலிருந்து கிறேசம்மா என்று ஒரு மனிசி, சேலைக் கரை முழுக்கக் கடல் தண்ணியோடு வந்து நின்றாள்.

"அங்கை எங்கடை துறையடிக் கடையிலை இருந்த கவுண்டரைப் பூட்டிப்போட்டாங்கள், பிள்ளை," என்றாள் கிறேசம்மா. "இப்ப லோஞ்சிலை ஏறி உம்மட்டைத்தான் வரவேண்டிக் கிடக்கு."

"அதுக்கென்ன அம்மா, வாங்கோ. இஞ்சை உடனை செய்து தருவன்," என்றாள் றஞ்சனி. அந்த மனிசியின் அலைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பூரிப்பு.

வேலணையில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். குறிகட்டுவான் துறையடியில் இருந்த கத்தரிப்பூப் பலகையைக் கழற்றியாயிற்று என்று நெடுந்தீவார் ஒருவர், கந்தையா என்பவர், வழக்குக்கு வந்த கையோடு காசையும் எடுக்க வந்தவர், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். அதையும் றஞ்சனி கேட்டாள். கேட்டு, சிரித்து, அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். உண்மை நேரே வந்து வாங்கில் இருந்து, பேரும் ஊரும் சொல்லி, காசையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனது. அவள் அதற்கு வரவேற்பு வைத்தாள். தன்னுடைய கெட்டித்தனத்தால், தன்னுடைய நல்ல பேச்சால், கொம்பனி வளர்கிறது என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

இதற்குள் கோடு ஒரு வேலை பார்த்தது. பங்கு புது உச்சத்துக்குப் போனது, ஆனால் ஆர்.எஸ்.ஐ. முன்னைய உச்சத்தைத் தொடவில்லை. அடுத்த முறை விலை இன்னும் மேலே, கோடு இன்னும் கீழே. எஞ்சினை நிறுத்தின போட்டும் கொஞ்சத் தூரம் ஓடத்தானே செய்யும். வீடியோக்காரர் இதற்கென்று ஒரு முழுப் பாடமே நடத்தியிருந்தார். விலையும் வேகமும் எதிரெதிராகப் போனால் வெளியே வந்துவிடுங்கள் என்று மூன்று தரம் சொன்னார். றஞ்சனிக்கு அந்தப் பாடம் மனப்பாடம். எமிலியிடம் அதை விளங்கப்படுத்தினதும் அவள்தான். எமிலி உடனே, அப்படியென்றால் விற்றுவிடுவோம், போட்டின் விலைக்கு மேலாலே கிடக்கிறது, பேராசை வேண்டாம் என்றாள்.

"கோடு போன் கண்ணாடிக்குள்ளை ஓடுறது, பெரியக்கா. நான் ஆக்களை நேரை பாக்கிறன்," என்றாள் றஞ்சனி. "வாங்கிலை இருக்க இடமில்லை. இப்பிடிச் சனம் வாற கொம்பனி விழுமோ?"

இவ்வளவு காலமும் கோடு சொன்னதைக் கேட்டு நடந்தவள், கோடு உண்மை சொன்ன ஒரேயொரு நாளில் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு அவள் சொன்ன காரணமும் பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அந்த நாட்களில் மெலிஞ்சிமுனையில் ஒருவர் போட் விற்பதாகக் கதை வந்தது. மகன் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், இனித் தொழில் செய்ய ஆளில்லை. போட் புதுக்கருக்கு அழியாத போட், எஞ்சினும் நல்ல எஞ்சின். நிருபன் போய்ப் பார்த்து, அடியைத் தட்டி, ஏறி இருந்து பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை றஞ்சனி கண்டாள்.

"பெரியக்காட்டைச் சொல்லி இப்ப எடுக்கலாமோ, அக்கா? அந்தாள் எனக்காகக் கொஞ்ச நாள் வைச்சிருக்கிறன் எண்டவர்."

கொஞ்சம் பொறு தம்பி, இதைவிட நல்லதாக எடுப்போம் என்று றஞ்சனி சொன்னாள். அவன் சம்மாட்டியின் வலையைத் தூக்கிக்கொண்டு போனான். போட்காரரும் சொன்ன நாள் வரைக்கும் பார்த்தார். பிறகு பஸ்ரியாம்பிள்ளை முழுக் காசோடு போய் அதை வாங்கிவிட்டார்.

அதற்கடுத்து வந்த ஒரு மாலையில்தான் அது நடந்தது. கொம்பனி தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. ஆட்கள் இப்போது போனாலேயே காசு அனுப்புகிறார்கள், வேறு கொம்பனிகள் அதைக் குறைந்த கூலிக்குச் செய்கின்றன, ஆகவே சின்ன ஊர்களில் உள்ள கவுண்டர்களை நூற்றுக்கணக்கில் மூடிக்கொண்டு வருகிறோம், மிச்சத்தையும் மூடுவோம் என்று அதில் இருந்தது. நியூயோர்க் திறந்ததும் பங்கு பாதியாக விழுந்தது. றஞ்சனி அறிக்கையைப் போனிலேயே தமிழாக்கிப் படித்தாள். மூடப்படும் கவுண்டர்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கிறேசம்மாவின் நனைந்த சேலைக்கரை அவளுக்கு அப்போதுதான் கண்ணில் வந்தது. சனம் கூடவில்லை. சனத்துக்குப் போக்கிடம் குறைந்திருந்தது. அவளுடைய வாங்கு நிறைந்ததே கொம்பனி செத்துக்கொண்டிருந்ததால்தான். அடுப்பில் புட்டு எரிந்து மணந்தது. யூலியட் ஓடிவந்து இறக்கி வைத்தாள்.

அப்போதாவது எமிலி சொன்னபடி விற்றிருக்கலாம். ஆனால் ஆர்.எஸ்.ஐ. முப்பதுக்குக் கீழே, எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது. அளவுக்கு மிஞ்சி விற்றுவிட்டார்கள், இனித் திரும்பும், இதுதான் பாடம். கேட்கவேண்டிய நேரத்தில் கோட்டைத் தள்ளிவைத்தவள், இப்போது அதே கோட்டைப் பிடித்துத் தொங்கினாள். முப்பதுக்குக் கீழே போனது திரும்பும் என்று படிப்பித்த வீடியோக்காரர், எத்தனை மாதம் அங்கேயே கிடக்கும் என்று படிப்பிக்கவில்லை. கோடு கொஞ்சம் நிமிரும், றஞ்சனிக்கு மூச்சு வரும், விலை அசையாது. பிறகு இரண்டும் சேர்ந்து இன்னும் கீழே போகும். சோளகம் அடித்து ஓய்ந்தது. நிருபன் பஸ்ரியாம்பிள்ளையின் ஆளாக, அவன் ஏறி இருந்து பார்த்த அதே மெலிஞ்சிமுனைப் போட்டில் கடலுக்குப் போய்வந்தான். போட்டுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு.

கோயில் கொடியேறின கிழமை அவள் அவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டைப் பற்றியும், வாங்கைப் பற்றியும், பெரியக்கா விற்கச் சொன்னதைத் தான் தடுத்ததைப் பற்றியும். ஒளிக்கவில்லை. அந்த மட்டில் அவளைக் குறை சொல்ல ஏலாது. அவன் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவினான்.

"எவ்வளவு மிச்சம்?"

சொன்னாள்.

"அப்ப எஞ்சினும் வராது," என்றான் நிருபன். ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் அவளோடு கதைத்தது சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் தேவையான அளவுதான். குளிக்க வார்த்து வளர்த்த பிள்ளை பக்கத்து அறையில் இருந்துகொண்டே தூரமாகிவிட்டான்.

எமிலி மட்டும் ஏசினாள். அவளுடைய புருசன் அவளை ஏசின ஏச்செல்லாம் சேர்த்து இங்கே வந்து விழுந்தது. எல்லாம் கொட்டி முடிந்து, மிச்சத்தை விற்றுத் தம்பியின் பேரில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டாள்:

"வாங்கிலை இருக்க இடமில்லை எண்டனியே றஞ்சனி, இப்ப இடமிருக்கோ?"

இடம் இருந்தது. அந்த மாதத்தோடு ஊர்காவற்றுறைக் கவுண்டரையும் மூடுவதென்று உதயனுக்கு அறிவித்துவிட்டார்கள். விசயம் பரவியதும் சனம் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறத் தொடங்கியது. உதயன் அந்த மூலையில் தண்ணி ராங்கி அடுக்கப்போகிறானாம். கணக்கெழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுகிறேன் அக்கா என்றான். சொல்லமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எமிலி கத்தரிப்பூக் கொம்பனியாலேயே அனுப்பினாள். வீம்புக்கு அனுப்பினாளோ, பழக்கத்தில் அனுப்பினாளோ தெரியாது. அதற்கும் கொம்பனி தன் கூலியை எடுத்துக்கொண்டது. நிருபன் கடலால் வந்து முகம் கழுவிக்கொண்டு, கழற்றி மடித்த சேட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். வாங்கில் வேலணையார் ஒருவர் மட்டும் இருந்தார். அவருக்குப் பின்னால் நிருபன் தன் முறைக்குக் காத்திருந்தான். முன்னால் வா என்று றஞ்சனி கையைக் காட்டியும் அவன் எழும்பவில்லை.

அவன் முறை வந்தது. அடையாள அட்டையைக் கண்ணாடிக்குக் கீழாலே தள்ளினான். அவளுக்கு மனப்பாடமான இலக்கம். அவன் பதினாறு வயதில் அதை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனவளே அவள்தான். இலக்கத்தை அடித்தாள். அனுப்பியவரின் பெயரை அடித்தாள். உறவு என்ற இடத்தில் சகோதரி என்று அடித்தாள். கொம்பியூட்டர் அடுத்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. கேட்காமல் தானே எதையாவது அடித்திருக்கலாம். ஆனால் கை போகவில்லை, ஒரு சொட்டு ஆசையும் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு பழைய எஞ்சின் என்றாவது, வலை என்றாவது அவன் சொல்லமாட்டானா என்று.

"காசு என்னத்துக்கு, தம்பி?" என்று கேட்டாள்.

நிருபன் அவளைப் பார்த்தான். பிறந்த நாளிலிருந்து அவளை அக்கா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிட்டறியாதவன்.

"வீட்டுச் செலவு எண்டு அடியுங்கோ, மனேச்சர் அக்கா," என்றான்.

அவள் அப்படியே அடித்தாள்.